மன்றாட்டைத் தவிர்க்க ஒரு காரணம்

ஹைஃபா நகரின் ஹதார் சரிவில், படிக்கட்டுத் தெரு ஒன்றின் பாதி ஏற்றத்தில், ஒரு சின்ன யூத ஜெபக்கூடம் இருக்கிறது. அதன் காரியஸ்தர் கெதல்யா வைன்ரெப். கூரை ஒழுகினால் ஆள் பிடிப்பது, பல்பு மாற்றுவது, இன்றைக்கு யார் ஜெபம் நடத்துவது என்று கை காட்டுவது எல்லாம் அவர் வேலை. சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

முன்பு டவுன் பஸ் ஓட்டியவர். "பஸ்ஸுல சண்டை போட்டா அடுத்த ஸ்டாப்புல இறக்கி விட்டுடலாம். இங்க யாரையும் இறக்கி விட முடியாது, அதான் கஷ்டம்" என்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். இதே மனிதர் ஒருமுறை வேறொரு ஜெபக்கூடத்திலிருந்து ஓர் ஆளை இறக்கி விட்டவர் என்பது அவர்களில் யாருக்கும் தெரியாது.

அந்த ஆள் அவருடைய அண்ணன் ஷ்ராகா. போருக்குப் பிறகு ஹங்கேரியிலிருந்து அந்தக் குடும்பத்தில் மிஞ்சி வந்தது இவர்கள் இருவர்தான். கப்பலை விட்டு இறங்கும்போது கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாதென்று ஷ்ராகா தம்பியின் மணிக்கட்டை விடவே இல்லை. பிறகு அவர் ஜெருசலேமுக்குப் போனார். மேசியா வருவதற்கு முன்னால் யூதர்களுக்கு அரசாங்கம் எதற்கு, அது பாவம் என்று சொல்கிற கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். கெதல்யா ஹைஃபாவில் ஸ்டியரிங் பிடித்தார். ஆனாலும் பண்டிகைக்குப் பண்டிகை ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டார்கள்.

கெதல்யாவின் மகனுக்குப் பதின்மூன்று வயது நிறைந்து, அவன் முதல் தடவையாகச் சபை முன்னால் நின்று ஜெபம் நடத்தும் நாள், தேசத்தின் சுதந்திர தினத்தில் வந்து விழுந்தது. பண்டிகை நாட்களில் பாடும் துதிப்பாட்டை, அதற்குரிய ஆசீர்வாதத்தோடு, பையன் கணீரென்று ஆரம்பித்தான். கடவுளின் பெயர் வரும் இடத்துக்கு முன்னால் ஷ்ராகா எழுந்து கத்தினார்: "நிறுத்துடா! அவர் பேரை வீணா எடுக்காத!" பையன் விக்கித்துப்போய், எல்லார் முன்னாலும் அழுதுவிட்டான். கெதல்யாவுக்கு இரத்தம் தலைக்கேறியது. "பிடிக்கலன்னா வெளிய போ" என்றார். ஷ்ராகா ஜெபச் சால்வையை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதற்கப்புறம் இருவரும் பேசவில்லை. முதலில் ரோஷம், பிறகு வெட்கம், அப்புறம் பழக்கம் என்று முப்பது வருடம் ஓடிவிட்டது.

அது நடந்த பழைய கூடத்துக்குப் போகப் பிடிக்காமல்தான் கெதல்யா இந்தப் படிக்கட்டுத் தெருவுக்கு வந்தார். இங்கே காரியஸ்தர் ஆனதும் மனதுக்குள் ஒரு சத்தியம் செய்துகொண்டார். இந்த விஷயத்துக்காக இந்தக் கதவு வழியாக ஒருத்தரும் கோபித்துக்கொண்டு வெளியே போகக் கூடாது.

ஆனால் விஷயம் லேசானதா? காலை ஜெபத்தில், எல்லாரும் நின்று சொல்லும் பகுதி முடிந்ததும், சாதாரண நாட்களில் நெற்றியைக் கையில் சாய்த்துக்கொண்டு தங்கள் பாவங்களுக்காக மன்றாடுவார்கள். பண்டிகை நாட்களில் அந்த மன்றாட்டு கிடையாது. அப்படியானால் சுதந்திர தினம் பண்டிகையா, சாதாரண நாளா? பள்ளிக்கூட வாத்தியார் எல்யாகிமைக் கேட்டால் பண்டிகை, துதிப்பாட்டே பாட வேண்டும். கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கிழவர் அன்ஷலைக் கேட்டால், "செவ்வாய்க்கிழமை மாதிரி அதுவும் ஒரு கிழமை. மன்றாடிட்டு வீட்டுக்குப் போ." இருவருக்கும் பின்னால் ஆட்கள் இருந்தார்கள். எல்யாகிமின் ஆட்களுக்குக் கால் நன்றாக இருந்தது, வேறு கூடத்துக்கு நடந்துவிடுவார்கள். அன்ஷலுக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, முழங்காலும் இல்லாத மாதிரிதான். இந்தக் கூடத்தை விட்டால் அவருக்கு நான்கு சுவர்தான் கதி.

கெதல்யா ஒரு வழி கண்டுபிடித்தார். புது மாப்பிள்ளையோ, அன்றைக்குத் தன் குழந்தைக்கு விருத்தசேதனம் வைத்திருக்கும் தகப்பனோ, அதைச் செய்து வைக்கிற மோஹேலோ கூடத்தில் இருந்தால், எந்த நாளாக இருந்தாலும் மன்றாட்டு கிடையாது. அவர்களுடைய சந்தோஷத்துக்குச் சபை கொடுக்கும் மரியாதை அது. இதை அன்ஷலாலும் மறுக்க முடியாது. சுதந்திர தினம் வருவது பஸ்கா பண்டிகைக்குப் பிந்தைய வாரங்களில், அப்போது கல்யாணம் கிடையாது என்பதால் மாப்பிள்ளை கிடைக்க மாட்டான். குழந்தைகள் அப்படி நாள் பார்த்தா பிறக்கின்றன? பிறந்த நாளையும் சேர்த்து எட்டாம் நாளில்தான் விருத்தசேதனம். ஆகவே ஒவ்வொரு வருடமும் சுதந்திர தினத்துக்குச் சரியாக ஏழு நாள் முன்னால் கெதல்யா மோஹேல் மஸூதுக்கு ஃபோன் போடுவார்.

"நேத்து ராத்திரி, இன்னைக்கு ஆம்பளப் புள்ள ஏதாச்சும்?"

"நீ என்ன ஆஸ்பத்திரி நர்ஸா? இருக்குப்பா, இருக்கு. உன் கூடத்துக்கே வந்து ஜெபத்த நடத்திட்டு அங்கிருந்தே போயிடறேன். ஊறுகாய் மீன் இருக்குமில்ல?"

மஸூத் வந்து நிற்பார். மன்றாட்டு இல்லை. அன்ஷல், "மோஹேலுக்காக விடறேன்" என்று முணுமுணுப்பார். எல்யாகிம் தன் ஆட்களோடு பக்கத்துப் புத்தக அறையில் துதிப்பாட்டைச் சின்னக் குரலில் பாடிக்கொள்வார். யாரும் தோற்கவில்லை, யாரும் ஜெயிக்கவில்லை. அப்புறம் எல்லாரும் சேர்ந்து ஊறுகாய் மீன் சாப்பிடுவார்கள்.

தேசத்தின் ஐம்பதாவது வருடம் வந்தபோது காற்றே சூடாக இருந்தது. எல்யாகிமின் மகன் லெபனானில் காவல் நின்றான். முந்தின நாள் சாயந்திரம் எல்யாகிம் கெதல்யாவைப் படியில் மறித்தார்.

"கெதல்யாண்ணே, மோஹேல் வர்றாரில்ல?"

"வர்றாருப்பா. பத்தாம் நம்பர் வீட்ல பொறந்த புள்ள."

"வரணும். என் புள்ள அங்க மண்மூட்டைக்குப் பின்னாடி உக்காந்திருக்கான். நாளைக்கு இங்க எவனாவது மன்றாட்டுன்னு தலைய சாய்ச்சா, நான் துதிப்பாட்ட நடுக்கூடத்துலயே ஆரம்பிப்பேன். ஆசீர்வாதத்தோட. சொல்லிட்டேன்."

அன்ஷலும் கேட்டுக்கொண்டுதான் ஏறினார். "ஆரம்பிக்கட்டும். ஆரம்பிச்ச நிமிஷம் நான் வெளிய. அப்புறம் என் பொணம்கூட இந்தப் படி ஏறாது."

கெதல்யா இருவரையும் பார்த்துச் சிரித்து வைத்தார். மஸூத் இருக்கிறார் என்ற தைரியம்.

விடியற்காலையில் ஃபோன் அடித்தது. மஸூத்தான்.

"கெதல்யா, புள்ள மஞ்சளா இருக்கு. டாக்டர் இன்னைக்கு வேணாம்னுட்டார்."

"எவ்வளவு மஞ்சள்?"

"இது என்ன கேள்வி? நல்லா மஞ்சள்."

"விளக்கு வெளிச்சத்துல அப்படித் தெரியும். ஜன்னல்கிட்ட வெச்சுப் பாத்தியா?"

"கெதல்யா! புள்ள உசுருய்யா அது."

கெதல்யா நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கோ. நீ சும்மாவாவது வந்து நில்லேன்."

"சும்மா வந்தா, யார் வீட்டுப் புள்ளன்னு அன்ஷல் கேப்பார். நான் என்ன, கடவுள் சன்னிதியில பொய் சொல்லவா?"

கெதல்யா ஃபோனை வைத்தார். பஸ் டிப்போவில் யாருக்காவது குழந்தை பிறந்திருக்கிறதா என்று யோசித்தார். ஒருத்தரும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரு காலில் ஷூவை மாட்டிக்கொண்டிருக்கும்போது ஃபோன் மறுபடி அடித்தது.

"கெதல்யா சித்தப்பாவா?"

முப்பது வருடமாக அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "யாரு?"

"நான் அக்கிவா. ஷ்ராகாவோட கடைசிப் பையன். அப்பா நேத்து ராத்திரி தவறிட்டார். ராத்திரியே அடக்கம் பண்ணியாச்சு. உங்களுக்குச் சொல்லலாமா வேணாமான்னு அண்ணன்மார் பேசிக்கிட்டே இருந்தாங்க. நான் சொல்லிட்டேன்."

அந்த நொடியில் கெதல்யாவின் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? துக்கம் வரவில்லை. 'துக்கக்காரன் இருக்கும் இடத்தில் மன்றாட்டு கிடையாது, அவன் வீட்டிலேயே ஜெபம் நடந்தால் துதிப்பாட்டும் கிடையாது. அப்பாடா' என்ற நினைப்புதான் வந்தது. வந்ததும் அவருக்கே உடம்பு கூசியது. கூடப் பிறந்தவன் செத்த செய்தி காதில் விழுந்த உடனே அதை வைத்துக் கணக்குப் போடுகிற ஆளாக எப்போது ஆனோம் என்று பயந்துபோனார். சட்டைக் கழுத்தைப் பிடித்து, வழக்கப்படி, கிழித்துக்கொண்டார். துணி கிழிந்த சத்தத்துக்கு மனைவி ஃப்ரூமா ஓடி வந்தாள்.

விஷயத்தைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "நீங்க இனிமே வெளிய போகக் கூடாது. ஆளுங்கள இங்க வரச் சொல்லலாம். துக்க வீட்ல அதுவும் கிடையாது, இதுவும் கிடையாது. சண்டையும் வராது."

"அது எனக்கும் தோணிச்சு. அதனாலதான் போறேன்."

"என்ன பேச்சு இது?"

"வருஷா வருஷம் மஸூத இழுத்துட்டு வந்து நிறுத்தினேன். இந்த வருஷம் செத்துப்போன அண்ணன இழுத்துட்டு வந்து நிறுத்தவா? உசுரோட இருந்தப்ப அவன் மூஞ்சியப் பாக்காதவன் நான். ஜெபம் முடியற வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

கிழிந்த சட்டைக்கு மேல் கோட்டை மாட்டிக் கழுத்துவரை பொத்தான் போட்டார். இன்னொரு சிக்கல் இருந்தது. வாரநாள் காலை ஜெபத்தில் ஆண்கள் எல்லாரும் இடது கையிலும் நெற்றியிலும் வேத வசனம் அடங்கிய தோல் பெட்டியை வாரால் கட்டிக்கொள்ள வேண்டும். துக்கத்தின் முதல் நாள் மட்டும் கட்டக் கூடாது. கெதல்யா சால்வையைத் தலைக்கு மேல் இழுத்து, இரண்டு கையையும் உள்ளே மறைத்துக்கொண்டு கதவோரம் போய் நின்றார்.

கூடம் நிறைந்திருந்தது. எல்யாகிமின் ஆட்கள் பண்டிகைக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்கள். சரியான தேதி வெள்ளிக்கிழமை விழுந்ததால், ஓய்வுநாள் கெட்டுவிடக் கூடாதென்று அந்த வருடம் கொண்டாட்டத்தை ஒரு நாள் முன்தள்ளியிருந்தார்கள். அன்ஷலுக்கு அது போதாதா?

"என்ன வாத்தியாரே, உங்க சுதந்திரம் இந்த வருஷம் ஒரு நாள் முன்னாடியே பொறந்துடுச்சாமே? குறைமாசமா?"

"குறைமாசமோ நிறைமாசமோ, அம்பது வயசாயிடுச்சு பெரியவரே. இன்னும் நீங்க தொட்டில்லயே போட்டுப் பாக்கறீங்க."

இரண்டு பக்கமும் சிரித்தார்கள். பிறகு அன்ஷல் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மஸூத் எங்க?"

"வரல" என்றார் கெதல்யா. "புள்ளைக்கு மஞ்சள். தள்ளி வெச்சுட்டாங்க."

சிரிப்பு நின்றது.

"அப்போ மன்றாட்டு உண்டு" என்றார் அன்ஷல்.

"அப்போ துதிப்பாட்டும் உண்டு" என்றார் எல்யாகிம்.

"மோஹேல் இல்லன்னா நீங்க நடத்துங்கண்ணே" என்று யாரோ கெதல்யாவைக் கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லி, மருந்துக்கடைக்கார ஹெனிக்கை முன்னால் தள்ளினார். ஹெனிக் பயந்த சுபாவம். நடுங்கும் குரலில் ஆரம்பித்தார். கோட்டுக்குள் கெதல்யாவுக்கு வேர்த்து ஊற்றியது. ஒவ்வொரு பக்கம் புரளும்போதும் அந்த இடம் நெருங்கிக்கொண்டிருந்தது. உள்ளுக்குள் அவர் இரண்டு விதமாகவும் வேண்டிக்கொண்டார்: சொல்ல வைத்துவிடாதே, சண்டையும் வர விடாதே.

நின்று சொல்லும் ஜெபம் முடிந்தது. ஹெனிக் நிறுத்திவிட்டுத் திரும்பி கெதல்யாவைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். கெதல்யா சால்வையை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

அன்ஷல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நெற்றியைக் கையில் சாய்த்து, கூடமே கேட்கும்படி மன்றாட்டை ஆரம்பித்தார். எல்யாகிம் மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே..." என்று உச்சக் குரலில் எடுத்தார். அவருடைய ஆட்கள் எழுந்து நின்றார்கள். அன்ஷல் துள்ளி எழுந்தார்.

"நிறுத்து! அவர் பேரை வீணா எடுக்காத!"

"பிடிக்கலன்னா வெளிய போங்க!"

முப்பது வருடத்துக்கு முன் கெதல்யா கேட்டதும் சொன்னதும் இதேதான். ஒரு சொல் மாறவில்லை. அன்ஷல் கையிலிருந்த வாரை அவிழ்த்துச் சுற்றினார். பையில் போட்டார். சால்வையை மடித்தார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். கெதல்யா குறுக்கே நின்றார்.

"பெரியவரே, உக்காருங்க."

"வழிய விடு."

"கெஞ்சிக் கேக்கறேன். போகாதீங்க."

"அவனுக்கு ஒரு வார்த்த சொல்லாம எனக்குச் சொல்ல வந்துட்டியா? தள்ளுடா!" அன்ஷல் அவர் தோளைப் பிடித்துத் தள்ளினார். சால்வை நழுவி விழுந்தது. மறிப்பதற்காக நீட்டியிருந்த இடது கையில் வார் இல்லை, பெட்டி இல்லை. நெற்றியும் வெறுமையாக இருந்தது.

அன்ஷல் அந்தக் கையைப் பார்த்தார். கழுத்துவரை பூட்டிய கோட்டைப் பார்த்தார். வாரநாள் காலையில் ஒரு யூதன் வெறுங்கையோடு நிற்க என்ன காரணம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"கெதல்யா," குரல் இறங்கிவிட்டது, "யாரு?"

"அண்ணன்."

"உனக்கு அண்ணன் இருந்தானா?"

"இருந்தான். ஜெருசலேம்ல. முப்பது வருஷமாப் பேச்சில்ல." கெதல்யா எல்யாகிமின் கையிலிருந்த புத்தகத்தைக் காட்டினார். "இதே பாட்டு, இதே சண்டை. இப்ப நீங்க கத்தினத அவன் கத்தினான். வாத்தியார் சொன்னத நான் சொன்னேன். உங்கள மாதிரியே சால்வைய மடிச்சுட்டுப் போனான். நேத்து ராத்திரி செத்துட்டான்."

கெதல்யா கோட்டின் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். உள்ளே கிழிந்த சட்டை தெரிந்தது.

"இத வெச்சு உங்கள அடக்கக் கூடாதுன்னுதான் மறைச்சேன். ஏன்னா ஃபோன் வந்ததும் எனக்கு அழுகை வரல. அப்பாடா, இன்னைக்கு மன்றாட்டு இல்லன்னு நெனச்சேன். இந்தக் காரியஸ்தர் வேலை என்னைய அப்படி ஆக்கிடுச்சு."

அன்ஷல் குனிந்து, கீழே கிடந்த சால்வையை எடுத்து அவர் தோளில் போட்டார். பிறகு திரும்பி, "ஹெனிக், என்ன மரம் மாதிரி நிக்கற? துக்கக்காரன் இருக்கான். மன்றாட்டு கிடையாது. மேல படி" என்றார்.

துக்க வீட்டில்தான் துதிப்பாட்டு கூடாது, ஜெபக்கூடத்தில் பாடத் தடையில்லை. எல்யாகிமுக்கு அது நன்றாகத் தெரியும். அவர் பாடவில்லை. ஆசீர்வாதத்தில் கடவுளின் பெயருக்கு முன்னாலேயே நின்றுவிட்டிருந்தார். புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டு வந்து கெதல்யாவுக்குப் பக்கத்தில் நின்றார்.

ஜெபம் முடிந்ததும் எல்யாகிம் காரை எடுத்து வந்தார். கெதல்யா ஜெருசலேமில் அண்ணன் மகன்களோடு துக்கத்துக்கு உட்கார வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஃப்ரூமா பின் சீட்டில் ஏறினாள். அன்ஷலும் முன் கதவைத் திறந்தார்.

"நீங்க எதுக்குப் பெரியவரே?"

"உன் தலையில இருக்கற, கொடி பிடிக்கறவங்க போடற பின்னல் குல்லாவப் பாத்தா அந்தத் தெருவுல ஒருத்தன் வழி சொல்ல மாட்டான். என் கறுப்புத் தொப்பிக்குச் சொல்லுவான்."

கார் ஜன்னலில் ஊரில் எல்லாரும் மாட்டியிருந்தது போல ஒரு சின்னக் கொடி செருகியிருந்தது. எல்யாகிம் அதைக் கழற்றப் போனார்.

"விடு," என்றார் அன்ஷல். "தெருமுனையில பாத்துக்கலாம். அதுவரைக்கும் ஆடிட்டுப் போகட்டும்."

வழியெங்கும் பூங்காக்களில் இறைச்சி சுடும் புகை. அந்த வீட்டுக்குள் விடுவார்களா, அண்ணனின் மூத்த மகன் எழுந்து வெளியே போகச் சொல்வானா என்ற பயம் கெதல்யாவை வாட்டியது. சொன்னால் அது நியாயம் என்றும் நினைத்தார். தெருமுனை வந்ததும் அன்ஷல் ஜன்னலை இறக்கி, கொடியைப் பிடுங்கித் தன் கறுப்புக் கோட்டின் உள் பையில் திணித்துக்கொண்டார்.

"மாட்டிக்கிட்டா?" என்றார் எல்யாகிம்.

"உன் பேரச் சொல்லுவேன்."

கதவைத் திறந்தது அக்கிவா. ஷ்ராகாவின் அதே தாடை. மகன்கள் தணிந்த முக்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எழவில்லை. துக்கக்காரர்கள் எழுந்திருக்க வேண்டியதில்லை. கெதல்யா வாசலிலேயே நின்றார். மூத்தவன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காலால் ஒரு முக்காலியை அவர் பக்கம் தள்ளினான். அவ்வளவுதான். கெதல்யா உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து அக்கிவா அவர் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னான்: "சித்தப்பா, எங்க தெருவுல சுதந்திர தினம்னா மன்றாட்ட வேணும்னே சத்தமாச் சொல்லுவாங்க. அப்பா மட்டும் அன்னைக்குக் கூடத்துக்குப் போகமாட்டார். கதவச் சாத்திட்டு வீட்ல தனியாச் சொல்லுவார். சட்டைக்கை நனைஞ்சுடும். ஏன்ப்பா தனியான்னு ஒரு தடவ கேட்டேன். 'மத்த நாள்லாம் என்ன பாவம் பண்ணேன்னு தேடணும். இன்னைக்குத் தேட வேண்டியதில்ல, என் தம்பிய விட்டுட்டு வந்த நாளு'ன்னார்."

கெதல்யா வருடா வருடம் ஊரெல்லாம் மோஹேல் தேடி அலைந்து தட்டிக்கழித்த மன்றாட்டை, அண்ணன் வருடா வருடம் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லியிருக்கிறார், இவருக்காக.

பிற்பகல் ஜெபத்துக்கு ஆட்கள் கூடினார்கள். அன்ஷலும் எல்யாகிமும் அந்த நெரிசலில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். நின்று சொல்லும் பகுதி முடிந்தது. துக்க வீட்டு வழக்கப்படி மன்றாட்டை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். கெதல்யா மட்டும் முக்காலியில் உட்கார்ந்து நெற்றியைக் கையில் சாய்த்தார்.

"சித்தப்பா," அக்கிவா அவர் முழங்காலைத் தொட்டான். "இங்க அது கிடையாது."

"தெரியும்பா" என்றார் கெதல்யா. தலையை நிமிர்த்தவில்லை.